தலை குனிந்து கண்ட ஊர்

பினாங்கு
12 மார்ச் 1912

மரியாதைக்குரிய நானா அப்துல் ரசாக் அவர்களுக்கு, தங்கை சுலைஹா சொல்லும் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நானும் ரொஸ்னாவும் சுகமாக இருக்கிறோம். ரங்கூன் வெயிலில் சுக்கான் பிடித்து நின்று உங்களுக்குத் தலைவலி வருமே, வெள்ளிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா? நாகூரிலிருந்து மஹ்பூபா மதினி கடிதம் போட்டார்களா?

உங்கள் மச்சான் இறந்ததற்காக நான் இருந்த இத்தா நேற்றோடு முடிந்தது. நான்கு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டாமல் இருந்தேன் என்று அக்கம்பக்கத்தில் மெச்சுகிறார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அவர் உயிரோடு இருந்தபோது மட்டும் நான் எங்கே தாண்டினேன்? வியாழக்கிழமை தர்காவுக்கு, பெருநாளைக்கு அச்சீன் தெருவில் சொந்தக்காரர் வீட்டுக்கு, இரண்டும் திரை கட்டிய ரிக்‌ஷாவில்தான்.

நீங்கள் வந்து எங்களை நாகூருக்கு அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு தடவை எதிர்த்துப் பேசுகிறேன், மன்னியுங்கள். நாங்கள் வரவில்லை. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன், சோற்றுக்குக் குறைவில்லை. ரொஸ்னா பள்ளிக்கூடம் போகிறாள், வாத்தியாரம்மா அவளைக் கெட்டிக்காரி என்கிறார். நாகூர் வந்தால் பதினோரு வயதுப் பெண்ணை யார் வெளியே விடுவார்கள்? என்னை விட்டார்களா? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தே நான் வளர்ந்தது போதும். அவளாவது நடக்கட்டும்.

பதில் எழுதுங்கள். உங்கள் துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை சுலைஹா

*

ரங்கூன்
9 ஏப்ரல் 1912

அன்பு சுலைஹாவுக்கு நானா சொல்லும் ஸலாமும் துஆவும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பர்மா அரிசிச் சோறு தின்று தொந்திதான் வளர்கிறது. மதினியும் சுகம் என்று கடிதம் வந்தது.

பள்ளிக்கூடம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், ரோசப்படாமல் பதில் சொல். ரொஸ்னாவுக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு யார் போவது? வாடகைக்காரன் தகராறு செய்தால் பெரியவர்களிடம் போய்ச் சொல்வது யார்? பதினொரு வருஷம் ஒரு ஊரில் இருந்துவிட்டுச் சந்து முனையில் என்ன கடை இருக்கிறது என்று தெரியாத பொம்பளை நீ. சின்ன வயதில் கந்தூரிக் கூட்டத்தில் ஒரு தடவை தொலைந்து போனாய். அன்றிலிருந்து நாலு பேரைப் பார்த்தால் உனக்குக் கை சில்லிட்டுப் போகும். மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

சரி, நியாயமாக ஒரு பந்தயம். டிசம்பரில் நான் பினாங்கு வருவேன், இன்ஷா அல்லாஹ். உன் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து வந்து என்னை எதிர்கொள். ரிக்‌ஷா கூடாது. அந்த மலாய்க்காரக் கூட்டாளி நோர்மா கூடாது. ரொஸ்னாவும் கூடாது. நீ ஒருத்தியாக அங்கே நின்றால் நாகூர் என்ற பேச்சை எடுக்க மாட்டேன், நீ விரும்பியபடி இருந்துகொள். நிற்காவிட்டால் நேரே வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டச் சொல்வேன், மூன்று பேருமாக நாகப்பட்டினம் கப்பல் ஏறுவோம்.

ஒத்துக்கொண்டால் எழுது. மருமகளுக்கு என் முத்தம்.

உன் நானா,
அப்துல் ரசாக்

*

பினாங்கு
6 மே 1912

நானா அவர்களுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் நலம், மழை மட்டும் நேரம் காலம் பார்க்காமல் பெய்கிறது. உங்கள் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்துக்கொண்டேன். எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன், ஒத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். சந்து முனை வரைக்கும் போனேன். முனையில் சத்தம் குப்பென்று அடித்தது. வண்டி, ஆள், டிராம் மணி எல்லாம் ஒன்றாக. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். “ஏம்மா வந்துட்டே?” என்று ரொஸ்னா கேட்டாள். “கொடைய மறந்துட்டேன்” என்றேன். குடை என் கையில் விரிந்தபடி இருந்தது. அவள் சிரித்ததில் மாடி வாடகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நோர்மா வந்து, “என்ன சுலைஹா, மூலையில ஹரிமாவா நிக்குது? புலி இல்ல, ஜாலான் தான், வெறும் தெரு லா!” என்று கேலி செய்தாள். அவளோடு நான்கு நாள் போனேன். அவள் வழி தனி வழி. பழக்காரி, தண்ணீர்க்காரன், வீட்டு வாசலில் நிற்கிற கிழவர், யாரைக் கண்டாலும் “எங்கே இருக்கு?” என்று கேட்டுக் கேட்டே ஊரைக் கடந்துவிடுவாள். எனக்கு அது ஆகாது. தெருவில் ஆண்பிள்ளையை நிறுத்தி நான் எப்படிப் பேசுவேன்? ரொஸ்னாவோ அடுக்களைப் பக்கத்துக் குறுக்குச் சந்துகளில் பூனை மாதிரி புகுந்து வெளியே வருகிறாள். தொலைந்து போனால் என்ன செய்வாய் என்றால், “தொலைஞ்சா புது வழி தெரியும்மா” என்கிறாள். அந்த வயசு எனக்கு இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

நோர்மாவோடு போனால் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே போய்விடுகிறேன், வழி மனதில் ஒட்டவே இல்லை. கடலில் வழி கண்டுபிடிக்கிறவர் நீங்கள். எனக்கு ஒரு உபாயம் சொல்லுங்கள்.

தங்கை சுலைஹா

*

மோல்மீன்
2 ஜூன் 1912

அன்பு சுலைஹாவுக்கு நானாவின் ஸலாம். விரித்த குடையை மறந்த கதையைக் கப்பலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கோபிக்காதே. சந்து முனை வரை போனாயே, அதற்கு ஒரு சபாஷ்.

உபாயம் மிகச் சுலபம். தெருப் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். பினாங்கு ஊருக்குக் கிழக்கே கடல். காலையில் சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு நட, கடல் வந்துவிடும். திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள். எந்தச் சந்தில் புகுந்தாலும், எத்தனை தடவை திரும்பினாலும், சூரியன் எங்கே என்று மட்டும் பார். ஊர் முழுவதையும் மேலே நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள். இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான் என் பிழைப்பு நடக்கிறது. இருட்டில் நட்சத்திரம், பகலில் சூரியன், மப்பு என்றால் காற்று.

இந்தத் தடவை இங்கே ஆற்று முகத்தில் கப்பல் லேசாக மணல் தட்டிவிட்டது. மழை மப்பு. ஆளுக்கும் சரக்குக்கும் சேதமில்லை. கப்பித்தான் கொஞ்சம் கத்தினான், அவ்வளவுதான். மதினிக்கு எழுதும்போது இதை எழுதாதே, வீணாகப் பயப்படுவாள்.

ரொஸ்னாவுக்கு ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

நானா

*

பினாங்கு
1 ஜூலை 1912

நானா அவர்களுக்கு ஸலாம். மணல் தட்டிய செய்தி படித்து இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன். மதினிக்கு எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சூரியனை முகத்தில் வாங்கிக்கொண்டு நடக்கச் சொன்னீர்கள். சூரியன் என் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று, நானா! குடைக்குள், துப்பட்டிக்குள், தலை குனிந்து போகிறவளுக்கு எது கிழக்கு, எது மேற்கு? மேலே நின்று ஊரைப் பார்க்க உங்களுக்கு முடியும், நீங்கள் நிமிர்ந்து நடந்து பழகியவர். எனக்குக் கண்ணில் படுவது என் கால் பெருவிரலும் அதற்கு முன்னால் ஒரு முழத் தரையும்தான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, தரையையே பார்த்தால் என்ன? கடை வாசல்களுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை விட்டிருக்கிறார்களே, இங்கே அஞ்சடி என்பார்கள், அதில் ஒவ்வொரு கடைக்காரனும் தன் வாசலில் தன் இஷ்டத்துக்குத் தரை போட்டிருக்கிறான். ஒருவன் சிவப்பு ஓடு, ஒருவன் பூப்போட்ட ஓடு, ஒருவன் வெறும் கருங்கல். ஒரு வாசல் உயரம், அடுத்தது பள்ளம். ஒன்று போல ஒன்று கிடையாது. சந்து முனையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கருங்கல், அது வாணியக்கடை. அடுத்தது சிவப்பு ஓடு, ஓரத்தில் உடைந்தது, காசு மாற்றுகிறவர். சில்லறையை எண்ணும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். அப்புறம் ஒரு படி இறங்கினால் அத்தர் வாசனை. நான் யாரையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கை சில்லிடவும் இல்லை.

இன்னும் கேளுங்கள். போன வியாழக்கிழமை தர்காவுக்கு நடந்தே போவதென்று கிளம்பினேன். ரிக்‌ஷாவில் அரை மணி நேரப் பயணம், ஆகவே தண்ணீர் கூட எடுத்துக்கொண்டேன். பள்ளிவாசலைத் தாண்டி, இரண்டு தெருவைக் கடந்தேன். சாம்பிராணி வாசனை வந்தது. வேறு ஏதோ கடை என்று நினைத்தேன். தரையில் பார்த்தால் நான் வாராவாரம் செருப்பைக் கழற்றுகிற அதே கல். தர்கா! என் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தர்கா!

வழக்கமாக வரும் ரிக்‌ஷாக்காரக் கிழவனை ரொஸ்னாவை விட்டுக் கேட்டேன். உங்கள் மச்சான்தான் சொல்லி வைத்திருந்தாராம். சூலியா தெருக் கடை வாசல்களில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுப் பெண்ணை அந்த வழியாகக் கொண்டுபோக வேண்டாம், பின்பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு போ என்று. நம் ஆட்கள் பலர் வீட்டுக்கும் அப்படித்தானாம். திரைக்குள் உட்கார்ந்து, எவ்வளவு பெரிய ஊர் என்று நான் மலைத்துப் போயிருக்கிறேன். முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. மௌத்தானவரோடு சண்டை போட முடியுமா? தர்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

அழுது முடித்து, தனியாகத்தான் திரும்பி வந்தேன், நானா.

சுலைஹா

*

பினாங்கு
5 செப்டம்பர் 1912

நானா அவர்களுக்கு ஸலாம். இரண்டு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. மதினிக்கும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கப்பல் தூரமாகப் போயிருக்கும் என்று அவர்களுக்குச் சமாதானம் எழுதினேன். எனக்கு யார் சமாதானம் எழுதுவது?

என் செய்தி சொல்கிறேன், அதைக் கேட்டாவது திட்டி ஒரு வரி எழுதுங்கள். நேற்று நன்றாகத் தொலைந்து போனேன். தர்காவைத் தாண்டிச் செட்டியார்கள் இருக்கும் பினாங்கு தெருவைப் பிடிக்கலாம் என்று போனபோது எதிரே சீனர் சவ ஊர்வலம். மேளமும் கூட்டமுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. ஒதுங்கி ஒதுங்கி ஏதோ ஒரு சந்துக்குள் தள்ளப்பட்டேன். கால் அடியில் எனக்குத் தெரியாத தரை. சுற்றிலும் சீனப் பேச்சு. கை சில்லிட்டது. ஓடலாமென்று தோன்றியது. எந்தப் பக்கம் ஓடுவது?

நீங்கள் சொன்ன சூரியன் ஞாபகம் வந்து குடையைச் சாய்த்துப் பார்த்தேன். உச்சி வேளை. நேர் தலைக்கு மேலே நின்றது, ஒரு உபயோகமும் இல்லை. ரொஸ்னா என்றால் முன்னே புகுந்திருப்பாள், நோர்மா என்றால் யாரையாவது கேட்டிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைசியாக எனக்குத் தெரிந்த தரை எது என்று யோசித்தேன். சாக்கடை மேல் போட்ட விரிசல் விட்ட பலகைக் கல். திரும்பி, தலை குனிந்து, அதைத் தேடிக்கொண்டே நடந்தேன். தவறினால் நின்று, மறுபடி முதலிலிருந்து. கிடைத்துவிட்டது. அதன் மேல் ஏறி நின்றதும் முழு ஊரும் என் வசமானது போலத் தெம்பு வந்தது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தோடே வீடு வந்து சேர்ந்தேன்.

என்னைப் பாராட்ட வேண்டாம். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

சுலைஹா

*

ரங்கூன்
28 செப்டம்பர் 1912

அன்பு சுலைஹாவுக்கு ஸலாம். நலமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. கப்பிக் கயிறு இழுத்துக் கை சுளுக்கிக்கொண்டது. செட்டியார் கிட்டங்கியில் கணக்குப் பார்க்கும் முருகப்பன் என்ற தம்பி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். கப்பல் பழுது பார்க்கப் போயிருப்பதால் இப்போது கரையில்தான் இருக்கிறேன்.

புள்ளே, நீ தொலைந்து போன கதையைக் கேட்டு என் உடம்பு சிலிர்த்தது. கடலில் எத்தனையோ பேர் வழி தவறிப் பார்த்திருக்கிறேன். மீசை வைத்த மாலுமிகள், வாய்ச்சவடால்காரர்கள். வழி தவறினால் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றுதான், இன்னும் வேகமாக முன்னால் போவார்கள். நின்று, திரும்பி, தெரிந்த இடத்துக்கு வருகிறவன் ஆயிரத்தில் ஒருவன். அதற்குப் பெரிய நெஞ்சு வேண்டும். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று இத்தனை வருஷம் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. முருகப்பன் தம்பியும் உனக்குச் சபாஷ் சொல்கிறார்.

இரண்டு காரியம் செய். ஒன்று, இனிமேல் அரபு எழுத்தில் அரபுத்தமிழாக எழுதாமல் தமிழ் எழுத்திலேயே எழுது. படித்தது மறந்துபோகும், பழகிக்கொள். இரண்டு, உன் வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே என்ன வாசனை, எல்லாவற்றையும் விவரமாக எழுது. கேட்க ருசியாக இருக்கிறது.

உன் நானா

*

பினாங்கு
20 அக்டோபர் 1912

நானா அவர்களுக்கு ஸலாம். கை சுளுக்குக்கு ஓமம் வறுத்து ஒத்தடம் கொடுங்கள். இந்தத் தமிழ் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. சின்னப் பிள்ளையில் எழுதியது, முருகப்பன் தம்பி பார்த்தால் சிரிப்பார், காட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்பார்கள். கடற்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நீங்கள் அங்கிருந்துதானே வருவீர்கள். சம்பான் படகிலிருந்து இறங்கினால் பாசி பிடித்த கல்படி, இடது பக்கம் ஒட்டி ஏற வேண்டும், வலது பக்கம் வழுக்கும். மேலே ஏறியதும் அகலமான கல்தரை, கருவாடும் கொப்பரையும் நாறும். அங்கிருந்து பீச் தெருவைக் கடக்க வேண்டும். கடந்தால் ஒரு உயரமான வாசல், இரண்டு படி. உள்ளே வழுவழு கல், அது வெள்ளைக்காரர் கம்பெனி. அப்புறம் மிளகு மண்டி, தும்மல் வரும். பினாங்கு தெரு முனையில் தரை பள்ளமாகி, மழைத் தண்ணீர் தேங்கும். அடுத்து விரிசல் விட்ட பலகைக் கல், என் கல். பிறகு சாம்பிராணி, அத்தர், சில்லறைச் சத்தம், எண்ணெய்ப் பிசுக்கு, நம் வீடு.

இதில் ஒரு இடம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பீச் தெரு. அதற்குக் கூரையும் இல்லை, அஞ்சடியும் இல்லை. மாட்டு வண்டி, குதிரை வண்டி, ரிக்‌ஷா எல்லாம் இரண்டு பக்கமும் பறக்கும். நான்கு தடவை அதன் கரை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கடற்கரையைப் பற்றி எழுதியதெல்லாம் ரொஸ்னா போய்ப் பார்த்து வந்து சொன்னது. பொய் சொல்லி உங்களிடம் ஜெயிக்க மனமில்லை.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. துஆ செய்யுங்கள்.

சுலைஹா

*

ரங்கூன்
18 நவம்பர் 1912

அன்பு சுலைஹாவுக்கு ஸலாம். சுகம். உன் கோணல் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதை மறுபடி மறுபடி கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

டிசம்பர் மூன்றாம் வாரம் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். துறைமுகக் கொடிமரத்தில் ரங்கூன் கப்பலுக்குக் கொடி ஏறியிருக்கிறதா என்று ரொஸ்னா தெரிந்து வருவாள். பந்தயம் பந்தயம்தான். தனியாக வா. அங்கே வெள்ளைத் துப்பட்டி போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆகவே நீயே என்னைக் கூப்பிடு. கூச்சப்பட்டுக்கொண்டு வாய் மூடி நிற்காதே.

எப்படியாவது வந்துவிடு, புள்ளே.

நானா

*

பினாங்கு
23 டிசம்பர் 1912

அன்பு மனைவி மஹ்பூபாவுக்கு அப்துல் ரசாக் சொல்லும் ஸலாம். நீ சுகமா, வீட்டில் எல்லோரும் சுகமா? இதை எழுதுவது சுலைஹா. எனக்குக் கை சுளுக்கு இன்னும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பினாங்கு வந்து சேர்ந்தேன். உன் நாத்தனாரிடம் பந்தயத்தில் தோற்றுவிட்டேன். தோற்றேன் என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறேன், அவள் சிரிக்கிறாள். கரையில் தன்னந்தனியாக வந்து நின்றாள். பீச் தெருவை எப்படிக் கடந்தாய் என்று கேட்டேன். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று மெதுவாகத் தெருவைக் குறுக்கே கடந்ததாம், அதன் சக்கரத்தை ஒட்டி, அதன் மறைவிலேயே நடந்து வந்துவிட்டாளாம். மற்ற வண்டியெல்லாம் மாட்டுக்காக நின்றதாம். வருஷக்கணக்காகக் கப்பலில் இருந்தவனுக்கு இந்தப் புத்தி வராது.

வீட்டுக்கு அவள்தான் அழைத்து வந்தாள். எவ்வளவோ பெரிய மாலுமிகளோடு போயிருக்கிறேன், மஹ்பூபா, இப்படி ஒரு நிதானத்தைப் பார்த்ததில்லை. இனி நாகூர் என்ற பேச்சில்லை, அவர்கள் இங்கேயே இருக்கட்டும். கப்பல் வேலை எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. வயதாகிவிட்டது. சில காலம் நானும் இங்கே இருந்து ஓய்வெடுக்கிறேன். கவலைப்படாதே.

அப்துல் ரசாக்

மதினி, ஸலாம். இதற்குக் கீழே எழுதுவது நான், சுலைஹா. நானா எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். “இன்னும் என்ன எழுதறே?” என்று கேட்டார். ரொஸ்னாவுக்காக நாலு வரி என்றேன். காகிதம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் விரிந்து கிடக்கிறது. அவருக்குத் தெரியவில்லை.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் படிக்கு மேலே நின்றேன். வந்துவிட்டேன் என்று மனசுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன். சம்பானிலிருந்து இறங்கினார். இடது பக்கம் ஒட்டி, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி ஏறினார். மேலே வந்தார். என் துப்பட்டி அவர் மேல் உரசுகிற நெருக்கத்தில் என்னைத் தாண்டிப் போனார். கோபமோ, என்னைச் சோதிக்கிறாரோ என்று நினைத்தேன். “நானா” என்று கூப்பிட்டேன். நின்று, நான் இல்லாத பக்கம் திரும்பி, “சுலைஹா, வந்துட்டியா புள்ளே?” என்றார்.

அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. ஆறு மாதத்துக்கும் மேலாகப் பார்வை போய்க்கொண்டிருந்திருக்கிறது. மணல் தட்டியது மப்பினால் இல்லை. வேலையிலிருந்து அப்போதே நிறுத்திவிட்டார்களாம். ஜூலையில் நான் எழுதியதை வாசிக்க அரபுத்தமிழ் தெரிந்த ஆள் கிடைக்காமல் ஒரு மாதத்துக்கு மேல் மடியிலேயே வைத்திருந்தாராம். தமிழில் எழுதியதை முருகப்பன் தம்பிதான் தினமும் வாசித்துக் காட்டியிருக்கிறார், சிரிப்பாரே என்று நான் எழுதியது உட்பட.

கையைப் பிடித்தேன். என் கைதான் சில்லிட்டுப் போகும் என்பார், அன்றைக்கு அவர் கை சில்லிட்டிருந்தது. கூட்டம் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “உன்னைக் கூட்டிப்போக நான் வரலே சுலைஹா. என்னைக் கூட்டிப்போக ஒருத்தர் வேணும். ரங்கூன்ல யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்க மனசு கேக்கலே. நீ மட்டும் வரலேன்னா அங்கேயே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னிருப்பேன்.”

“இப்ப கல்தரை நானா, இப்ப மாட்டு வண்டியை ஒட்டியே வாங்க, இப்ப ரெண்டு படி” என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன். மிளகு மண்டி வந்ததும் அவரே முந்திக்கொண்டு தும்மிவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளம், பலகைக் கல், சாம்பிராணி என்று ஒவ்வொன்றையும் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். தெரியாத இடத்தில் அடி வைக்க அவர் பட்ட பயத்தையும் நான் கண்டேன், அந்தப் பயத்தோடே நிமிர்ந்து நடந்ததையும் கண்டேன். என் நானாவை இதற்கு முன் நான் அவ்வளவு பெரிய மனிதராகப் பார்த்ததில்லை.

மதினி, நீங்கள் வந்துவிடுங்கள். அவர் கூப்பிட மாட்டார். உங்களைப் பார்க்க முடியாதே என்பது அவருக்குப் பெரிய வெட்கம். வீட்டை விட்டு எங்கும் போனதில்லை, கடல் தாண்டி எப்படி வருவேன் என்று நீங்கள் மலைப்பீர்கள், எனக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் உங்கள் தம்பி கப்பல் ஏற்றிவிடுவார். ஏழெட்டு நாள் கப்பலுக்குள்ளேயே இருங்கள், யாரோடும் பேச வேண்டாம். இங்கே இறங்குகிற இடத்தில் நான் நிற்பேன். யாரையும் கூட அழைத்து வர மாட்டேன், தனியாகத்தான் வருவேன்.

வஸ்ஸலாம்.
சுலைஹா